அரவானை அனுப்பியது யார்?

போன கோடை விடுமுறையில் திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்த என் அக்கா மகள், பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவள், சுவரோரம் உட்கார்ந்து ஓர் ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். உறவில் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா கதை இது?"

"ஒரு நாட்டுல வருசா வருசம் சீட்டுக் குலுக்கி இருபத்துநாலு பிள்ளைங்கள எடுப்பாங்க தாத்தா. ஒருத்தர ஒருத்தர் கொல்லணும். கடைசியா ஒருத்தர் மிஞ்சுற வரைக்கும் டிவியில காட்டுவாங்க."

பெரியவர் புத்தகத்தை வாங்கி மூடி என்னிடம் நீட்டினார். "படிக்கிற வயசுல இதையெல்லாம் படிச்சா மனசு கெட்டுப் போவாதா? நீயாவது சொல்லக் கூடாதாப்பா?"

அந்தப் புத்தகத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். விசேஷ வீட்டில் பெரியவரோடு வாதாடக் கூடாது என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது அவர் ஒருவரின் கருத்து இல்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். அவள் படித்த அந்த நாவல், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்', அமெரிக்காவில் 2008இல் வெளிவந்தது. 2010லும் 2011லும், நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. ஆகவே, அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் இளையோர் நாவல்கள்மேல், டிஸ்டோபியா நாவல்கள் என்று சொல்கிறோமே, அவற்றின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, இவை பிஞ்சு மனதில் இருட்டை ஏற்றுகின்றன. இரண்டு, இவை அந்நியச் சரக்கு. நம் ஊருக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று, வன்முறையைப் படித்துப் படித்துப் பிள்ளைகளுக்கு மனம் மரத்துப்போகும். நான்கு, இவை இலக்கியமே இல்லை. ஒரே அச்சில் வார்த்த வியாபாரம். நான்காவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மற்ற மூன்றும் தவறு.

முதலில் இருட்டு.

எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் இந்த வழிபாட்டுக்கு ஆதி இடம் என்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்து நடக்கும் இரவுகளில் பாயை விரித்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது யார்? பிள்ளைகள்தான். கட்டியங்காரனுக்குச் சிரித்துவிட்டு, நள்ளிரவுக்குமேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்கள் பார்ப்பது எது? சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து, வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொண்ட இளைஞன் அபிமன்யுவைப் பெரிய பெரிய வீரர்கள் சூழ்ந்து கொல்வதை. துரியோதனன் ரத்தத்தைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிவதை. போர் தொடங்குமுன் அரவானைக் களப்பலி கொடுப்பதை. அரவானுக்காகக் கூவாகத்தில் திருநங்கையர் ஓர் இரவு தாலி கட்டி, மறுநாள் தாலி அறுத்து, மாரடித்து அழுகிறார்கள். அந்த ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. இதனால் பிள்ளைகள் மனம் கெட்டது என்று ஒரு பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போவோம். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. அதில் ஒரு பாணர் வீட்டு அடுக்களை வருகிறது. கூரை இற்று விழுந்திருக்கிறது, சுவரில் கறையான். கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுக்க மாட்டாமல் தாய் நாய் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் வெறுமனே வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள். மரக்காணத்து உப்பளங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த மண்ணின் பாட்டில், உப்பில்லாத கீரையை வைத்தான் புலவன். பசியை இதைவிடக் கூசவைக்கும்படி எழுத முடியாது. நாம் அதைத் தமிழின் பெருமை என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். அப்படியானால் பசியைப் பற்றிய இன்னொரு கதை இன்னொரு மொழியிலிருந்து வரும்போது மட்டும் அது எப்படி நஞ்சாகிறது?

ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல்நாள் போரில் தமையனையும் அடுத்த நாள் போரில் கணவனையும் இழந்தவள், இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்புகிறாள். பிள்ளையை அனுப்பியவளின் மறத்தைப் போற்று என்று வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். 'ஹங்கர் கேம்ஸ்' நாவலிலும் பிள்ளைகள் களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே மட்டும் கதை ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புகிறது: இந்தக் களத்தைப் போட்டவன் யார்? பெரியவர்களுக்கு உறுத்துவது இருட்டு என்று நான் நம்பவில்லை. இருட்டு நமக்குப் பழக்கம். உறுத்துவது அந்தக் கேள்வி.

அடுத்தது அந்நியச் சரக்கு என்ற குற்றச்சாட்டு.

பெருமுக்கல் மரக்காணம் சாலை வட்டாரத்து ஊர். ஊருக்கு அடையாளமே மலைதான். மேலே முக்தியாளீஸ்வரர் கோயில், இடிந்த கோட்டை. 1760இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த கோட்டை அது. 1782இல் ஹைதர் அலி படையிடம் விழுந்தது. சீதையின் பேரைச் சொல்லும் குகையில், எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்த மனிதர்கள் கல்லில் கீறிய உருவங்கள் இருக்கின்றன. இத்தனை பழமையைச் சுமக்கிற மலையைச் சுற்றிக் கல் குவாரிகள். வெடி வைத்தால் வீட்டுப் பாத்திரம் அதிரும். டிப்பர் லாரி போனால் வெகுநேரம் புழுதி அடங்காது. குகைக் கீறல்களுக்கு இந்த வெடிகளால் ஆபத்து என்று தொல்லியல் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

இந்த ஊரில் உட்கார்ந்து என் அக்கா மகள் படித்த கதையின் நாயகி கேட்னிஸ், பன்னிரண்டாம் மாவட்டத்துக்காரி. அது நிலக்கரி வெட்டும் மாவட்டம். அவள் அப்பா சுரங்க வெடிவிபத்தில் செத்துப்போனவர். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று இவள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, நம்ம ஊர்ல சாயங்காலம் வெடி வெக்கச் சொல்ல, குவாரிக்குப் போனவங்க வீட்டு அம்மாவெல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க இல்ல? அத யாரோ பாத்துட்டு எழுதுனாப்ல இருக்குது." அவளுக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியா மலையும் தெரியாது, அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன என்பதும் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை.

அதே நாவலில் இன்னோர் ஏற்பாடு உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குலுக்கலில் இருக்கும். வீட்டில் அரிசி பருப்புக்கு வழியில்லாதவர்கள், பெயரைக் கூடுதல் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அந்தச் சீட்டுகள் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். பதினாறு வயது கேட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. அவள் நண்பன் கேலின் பெயர் 42 சீட்டில். குலுக்கல் எல்லோருக்கும் பொது என்றுதான் அந்த அரசு சொல்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயர்தான் நிறைந்திருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் அம்மாவோடு நின்ற பிள்ளைக்கு இதை விளக்க உரையாசிரியர் வேண்டாம். எல்லாக் குடும்பத்துக்கும் பொது விநியோகம் என்று தமிழ்நாடு வைத்திருக்கும் ஏற்பாட்டின் அருமையை, நான் எத்தனை முறை சொல்லியும் கேட்காதவள், அந்த ஒரு அத்தியாயத்தில் புரிந்துகொண்டாள். "நம்ம அரிசிக்கு யாரும் பேர் எழுதி வாங்கறது இல்ல மாமா" என்றாள். இருண்ட கதை, கையில் இருக்கும் வெளிச்சத்தையும் காட்டிக் கொடுத்தது.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இல் வந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. அந்த நாவலின் சமூகத்தில் பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்ன தொழில் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். வேறோர் உலகத்துக் கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? 1953இல் நம் மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்து மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அது கைவிடப்பட்டது. வண்ணார் வீட்டுப் பிள்ளையும் குயவர் வீட்டுப் பிள்ளையும் என்னவாக வேண்டும் என்று மற்றவர் தீர்மானிக்கும் உலகத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய ஊர் நம்முடையது. அந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படிக்கும் பிள்ளை, 'தி கிவர்' படித்தபின் அதே இரண்டு வரியை வேறு மாதிரி படிக்கும்.

தமிழிலேயே நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்ன கதை? 2021ஆம் ஆண்டின் இந்தியா. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குடிமக்களுக்கு இரண்டெழுத்தில்தான் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். கடைசியில் அந்த ஜீவாவே ஆள் இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும். இது டிஸ்டோபியா இல்லாமல் வேறென்ன? வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வாராவாரம் விகடனுக்குக் காத்திருந்து படித்தார்கள். பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் பார்த்தார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைத் தங்கள் வீட்டுப் பிராணிபோல நேசித்தார்கள். அந்தத் தலைமுறை கெட்டுப்போய்விடவில்லை. இன்று புத்தகத்தைப் பிடுங்கும் பெற்றோரில் பலர் அன்று ஜீனோவுக்காகக் காத்திருந்தவர்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

மூன்றாவது, மனம் மரத்துப்போகும் என்ற பயம். இந்தப் புத்தகங்களைப் படித்துப் பாராதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள்.

'ஹங்கர் கேம்ஸ்' களத்தில் ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி சாகிறாள். வேறு மாவட்டத்துப் பிள்ளை அவள்; செத்தால் கேட்னிஸுக்கு ஒரு போட்டி குறைந்தது. ஆனால் கேட்னிஸ் அவளை மடியில் கிடத்திப் பாட்டுப் பாடுகிறாள். காட்டுப் பூக்களைப் பறித்து வந்து அந்த உடம்பைச் சுற்றி அலங்கரிக்கிறாள். நாடு முழுக்க டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இது விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு பிள்ளை என்று காட்டுகிறாள். என் அக்கா மகள் அந்த இடத்தில் அழுதிருக்கிறாள். பக்கத்தில் ஈரம் பட்ட தடம் இருந்தது. மரத்த மனம் அழாது. அந்த நாவலில் மரத்துப்போனவர்கள் தலைநகரத்துப் பார்வையாளர்கள். பிள்ளைகள் சாவதைத் தின்பண்டத்தோடு உட்கார்ந்து ரசிக்கிறவர்கள். அவர்களைப் பார்த்து அருவருக்க வைப்பதுதான் கதையின் வேலை. ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, அடுத்த சேனலில் ஈராக் போர்ச் செய்தி என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் இரண்டும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்ததாகவும், அங்கேதான் கதை தொடங்கியதாகவும் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். விபத்தில் அடிபட்டவரைத் தூக்காமல் போனில் படம் எடுக்கும் கூட்டத்தை நாமும் நெடுஞ்சாலையில் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேரை நாவல் கெடுத்திருக்கும்?

பிள்ளைகளின் மனச்சோர்வு புத்தகத்திலிருந்து வருகிறது என்று சொல்வது, காரணத்தைத் தப்பான இடத்தில் தேடுவது. 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த, மருத்துவ நுழைவுத் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடிய பிள்ளை. அடுத்த ஆண்டே எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி வட்டாரத்தில், இன்னொரு மாணவியை இழந்தோம். அந்த இருட்டைக் கொண்டுவந்தது எந்த நாவலும் இல்லை. ஒரே ஒரு நாள் தேர்வு உன் மொத்த வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளிடம் சொன்னோம். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' 2011இல் வந்தது. அதில் பதினாறு வயதில் ஒரு தேர்வு, அதன் பிறகு ஒரு சடங்கு, அதோடு நீ எந்தப் பிரிவு என்பது முடிந்துவிடும். கதாநாயகி அந்தத் தேர்வின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காதவள். தேர்வுக்குள் அடங்காததும் மனிதத்தன்மைதான் என்று ஒரு கதை பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது சோர்வைக் கூட்டுமா, குறைக்குமா? மனம் நொந்திருக்கும் பிள்ளைக்கு வீட்டாரின் துணையும் மருத்துவரின் துணையும் வேண்டும். புத்தகம் அதற்கு ஈடாகாது. ஆனால் புத்தகத்தைப் பிடுங்குவதும் துணையாகாது.

இவை வெறும் தப்பித்தல் என்பவர்களுக்கும் ஒரு சேதி. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இளைஞர்கள் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் அடங்க மறுக்கும் மக்கள் காட்டும் சைகை அது. மூன்று விரலை உயர்த்தியதற்காக அங்கே மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியான்மர் ராணுவத்துக்கு எதிராகவும் அதே விரல்கள் உயர்ந்தன. ஒரு கதைச் சைகைக்குத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் பயந்தார்கள்.

இனி நான்காவது குற்றச்சாட்டு. இதில் உள்ள உண்மையை மறைக்க மாட்டேன். 'ஹங்கர் கேம்ஸ்' விற்ற வேகத்தைப் பார்த்து அச்சு மாறாமல் எழுதிக் குவித்த நாவல்கள் ஏராளம். ஒரு கெட்ட அரசு, ஒரு துணிச்சலான பெண், அவளைச் சுற்றி இரண்டு பையன்கள், மூன்றாம் பாகத்தில் புரட்சி. தனி ஒருத்தி அம்பெய்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் விதைப்பதும் எனக்கு உவப்பில்லை. ஊர் கூடித்தான் எதுவும் மாறும் என்பதைக் குலக்கல்வியை எதிர்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இவற்றைக் கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் மோசமான நாவல்கள் இருப்பதால் ஒரு வகையையே தள்ளுவதானால், தமிழில் துப்பறியும் கதை, சரித்திரக் கதை, குடும்பக் கதை எதுவும் மிஞ்சாது. நல்லதைத் தேர்ந்து கொடுப்பதுதானே பெரியவர்கள் வேலை? 'ஹங்கர் கேம்ஸ்' கதையின் மூன்றாம் பாகமாக 2010இல் வந்த 'மாக்கிங்ஜே' நாவலின் முடிவைப் பாருங்கள். கொடுங்கோல் அரசு வீழ்கிறது. புரட்சியின் தலைவியாக வந்தவளும், தோற்றவர்களின் பிள்ளைகளை வைத்து அதே விளையாட்டை ஒருமுறை நடத்தலாம் என்கிறாள். கேட்னிஸின் அம்பு பழைய அதிபரை விட்டு அவள்மேல் பாய்கிறது. நம் பக்கத்து ஆள் என்பதற்காக நியாயத்தைத் தளர்த்தாதே என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட அழுத்தமாகச் சொன்ன அறிவுரைக் கதையை நான் படித்ததில்லை. வென்ற பிறகும் கேட்னிஸுக்கு இரவில் கெட்ட கனவுகள் நிற்பதில்லை. போர் முடிந்தாலும் முடியாது என்று சொல்லும் புத்தகத்தை வியாபார அச்சு என்று ஒதுக்குவது நேர்மையில்லை.

நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அணில், முயல் கதைகளிலிருந்து நேரே பெரியவர்கள் நாவலுக்குத் தாண்டச் சொல்கிறோம். நடுவில் பாலம் மெலிந்து கிடக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலுக்கு 2023இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அப்படிப்பட்டவை இன்னும் பல வேண்டும். குவாரி வெடிக்கும் மலையடிவாரத்திலிருந்து, உப்பளத்திலிருந்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதப்பட்டவை வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948இலேயே, பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. கிராமத்து நூலகத்தில் பதின்வயதுப் பிள்ளைக்கு ஒரு தனி அலமாரி வைக்க நம்மால் முடியாதா?

காதுகுத்துக்குப் பிறகு சில வாரம் கழித்துப் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தார்கள். அன்று இரவு அரவான் களப்பலிக் கூத்து. அக்கா மகளும் வந்திருந்தாள். களப்பலிக்குச் சகல லட்சணமும் பொருந்திய ஆள் வேண்டும். பாண்டவர் பக்கத்தில் அப்படி மூன்றே பேர்தான்: கண்ணன், அருச்சுனன், அருச்சுனன் மகன் அரவான். அரவான் ஒப்புக்கொள்கிறான். பொழுது விடியும் நேரம் மிருதங்கமும் முகவீணையும் உச்சத்துக்கு ஏறியபோது, கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். அவள் என் தோளைத் தொட்டாள்.

"மாமா, மூணு பேர் இருந்தாங்க இல்ல. மத்த ரெண்டு பேரும் பெரியவங்க. ஏன் சின்னப் புள்ளைய அனுப்புனாங்க?"

சிறுவயது முதல் இந்தக் கூத்தைப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கோ எழுதப்பட்ட ஒரு நாவல், எங்கள் ஊர்க் கூத்தின் நடுப்புள்ளியை அவளுக்குக் காட்டியிருக்கிறது. அவள் மனம் கெடவில்லை, ஐயா. நம் பிள்ளைகளில் யாரை, எந்தக் களத்துக்கு, யாருக்காக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். நீங்கள் மூடிக் கொடுத்த அந்தப் புத்தகத்தைக் காதுகுத்து அன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பாகமும் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் முடித்ததும் நீங்களும் ஒருமுறை படிக்க வேண்டும்.